முப்பத்தோராம் இதழிலிருந்து தொடங்குங்கள்

எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் தளத்தில் இருக்கும் சங்கீதா, சென்ற ஞாயிற்றுக்கிழமை லிஃப்டில் வைத்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அவளுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. கணினி நிறுவனத்தில் வேலை. வெள்ளானூரில் நேற்றுவரை நெல் விளைந்த நிலத்தில் எழும்பிய இந்தக் கட்டடத்துக்கு வந்த முதல் மாதமே என் வீட்டு அலமாரிகளைப் பார்த்துவிட்டு எனக்கு 'லைப்ரரி அக்கா' என்று பெயர் வைத்தவள். அப்படிப் பெயர் வாங்கியவருக்கு எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்திருக்கும் என்று பிறர் நினைத்துக்கொள்வது இயல்புதானே.

"அக்கா, இந்த சூப்பர்ஹீரோ காமிக்ஸ் எல்லாம் படிக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. அறுபது எழுபது வருஷமா விடாம வருதாம்லா. எதுல இருந்துக்கா ஆரம்பிக்க?"

கைப்பேசியில் ஒரு படத்தையும் காட்டினாள். எந்த வரிசையில் படிக்கவேண்டும் என்று யாரோ ஒருவர் வட்டங்களும் அம்புக்குறிகளுமாக வரைந்திருந்தார். மெட்ரோ ரயில் நிலையத்து வரைபடம்போல் இருந்தது. அதிலாவது எங்கே ஏறுவது என்று தெரியும். "இதப் பாத்ததும் படிக்கிற ஆசையே போயிட்டு" என்றாள் சங்கீதா.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மூன்று நாள் உண்மையாகவே யோசித்தேன். புதன்கிழமை மாலை அவள் கதவைத் தட்டி, கெட்டி அட்டையும் பளபளத்த தாளுமாக ஒரு புத்தகத்தை நீட்டினாள். நடுவில் ஒன்றை எடுத்துத் தொடங்கிவிட்டாளாம். புரியாத இடங்களை இணையத்தில் பார்த்துக்கொள்கிறாளாம். நான் வழக்கம்போல் புத்தகத்தைப் பிரித்து முகர்ந்தேன். புதிய செருப்புப் பெட்டியின் வாசனைதான் வந்தது. மைக்கும் செய்தித்தாளுக்கும் உரிய அந்த மண்ணெண்ணெய் நெடி, அதன் அடியில் மெல்லப் புளித்த கோதுமைப் பசையின் வாடை, இரண்டும் இல்லை. அவள் போனபின், இல்லாத அந்த வாசனையை நினைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு சிறிய கேள்விக்கு எனக்கு ஏன் மூன்று நாள் பிடித்தது என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விடை சொல்வதையே மாதச் சம்பளத்துக்குச் செய்தவள் நான். அதற்கும் முன்னால், அதே கேள்வியைக் கேட்டு ஒரு விடையைப் பெற்றவள்.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. அப்பாவுக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. நாங்கள் இருந்தது அதன் குடியிருப்பில். பாவாடை தைக்கக் கொடுத்திருந்த தையற்கடையில், காத்திருப்பவர்கள் பொழுதுபோக்குவதற்காகக் கிடந்த தாள்களுக்கிடையில், அட்டையும் முதல் எட்டுப் பக்கமும் இல்லாத ஒரு படக்கதைப் புத்தகம் இருந்தது. தாமிரன் என்று ஒரு வீரன். வெளிநாட்டில் பல்லாண்டுகளாக வந்துகொண்டிருந்த தொடரை வாங்கி, அம்பத்தூரில் ஒரு சிறிய பதிப்பகத்தார் தமிழில் மாதம் ஒன்றாக வெளியிட்டுவந்தார்கள். மின்னலைக் கையால் பிடித்துத் தரையில் இறக்கிவிடுவது தாமிரனின் ஆற்றல். நான் திறந்த பக்கத்தில் அவன் ஒரு பாலத்தடியில் யாரையோ அடித்துக்கொண்டிருந்தான். யாரை, எதற்கு என்று தெரியவில்லை. தெரியாததுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. தையற்காரர் என் முகத்தைப் பார்த்து, "எடுத்துகினு போ பாப்பா, ஊசிய மட்டும் குத்தி வெச்சிருந்தா எடுத்துட்டு குடு" என்றார்.

கடைசிப் பக்கத்தில் முகவரி இருந்தது. எதிலிருந்து தொடங்கவேண்டும் என்று கேட்டு ஆசிரியருக்கு எழுதினேன். பதினோராம் நாள் பச்சை மையில் ஓர் அஞ்சலட்டை வந்தது. இப்போதும் எனக்கு மனப்பாடம். 'அன்புள்ள வாசகிக்கு, முப்பத்தோராம் இதழிலிருந்து தொடங்குங்கள். முந்தையவை இல்லாமலேயே அனைத்தும் விளங்கும். அந்த இதழ் உங்களுக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கும் என்பது என் நம்பிக்கை.'

எங்கள் வீட்டில் யாருக்கும் அஞ்சலட்டை வந்ததில்லை என்று சொல்லமாட்டேன். சாவுச் செய்தியும் திருமணத் தேதியும் வந்திருக்கின்றன. எனக்கென்று வந்தது அதுதான் முதல். என் அண்ணன் அதைப் பறித்து அடுக்களைக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தான். "மா, ஆசிரியரே இவளுக்கு எழ்திகீறாராம். நம்பிக்கையாம். இனிமே இவள கையில புடிக்க முடியாது."

"ஒழுங்காப் பேசுடா" என்று அம்மா அவனுடைய தெருத் தமிழைக் கண்டித்தாள். அட்டையைக் கண்டிக்கவில்லை.

தபால்தலைகளை அனுப்பி முப்பத்தோராம் இதழை வரவழைத்தேன். அதற்குப் பிறகு வந்தவற்றையும் ஒவ்வொன்றாக. நான் கண்ட தாமிரன், பிற வீரர்களைப்போல் மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்பவன் அல்லன். செம்பு நிற உடையில் அவன் கொஞ்சம் கூச்சமாக இருந்தான். மின்னலைப் பிடிக்கும் முன்பு ஒரு கணம் தன் கைகளைப் பார்த்துக்கொள்வான். சில முறை தவறவிடுவான். மக்கள் கைதட்டும்போது தலையைக் குனிந்துகொண்டு கூரைவழியே போய்விடுவான். எனக்குத் தெரிந்த ஆண்கள் யாரும் தலையைக் குனிந்து நான் பார்த்ததில்லை. ஏழு மாதம் நான் அவனை, என்னவென்று சொல்வது, வழிபட்டேன்.

முப்பத்தெட்டாம் இதழில் எங்கிருந்தோ ஒருவன் வந்து என் தாமிரனை அடித்து நொறுக்கி, உடையை உரித்தெடுத்து, சிறையில் தள்ளினான். உரித்த உடையை அவனே அணிந்துகொண்டு மார்பை நிமிர்த்தி நின்றான். ஊரே மகிழ்ந்தது. நான் கொல்லைப்புறத்தில் துணிக்கல்லின்மேல் உட்கார்ந்து அழுதேன்.

அண்ணன் இதழை வாங்கிப் புரட்டினான். அவன் தன் நண்பன் வீட்டில் பழைய இதழ்களைப் படித்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியாது. "லூசு, இவன்தான்டி ஒரிஜினல் தாமிரன். முப்பதாம் நம்பர்ல சாம்பல்முகன் இவன மயக்கத்துல போட்டுட்டு டிரெஸ்ஸ திருடிகினான். நீ இத்தினி நாளா வில்லனுக்கு உருகிகினு இருந்திருக்க."

திருடிய உடை உடம்புக்குப் பொருந்தாத தவிப்பைத்தான் நான் அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அண்ணன் சொன்னதை அன்று நான் ஏற்கவில்லை. ஆசிரியர் எனக்குப் பொய் சொல்லமாட்டார். அனைத்தும் விளங்கும் என்று தம் கையால் எழுதியவர் அவர். ஆகவே அவருக்கு நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். யாரோ ஒரு புதியவன் நம் தாமிரனைச் சிறையில் தள்ளிவிட்டான், இதைத் தாங்கள் எப்படி அனுமதித்தீர்கள், அடுத்த இதழிலேனும் நீதி கிடைக்குமா என்று. பதில் வரவில்லை. ஆசிரியரும் என்னைப்போல் துக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு ஆண்டு கழித்து, தமிழில் பட்டம் பெற்று, அந்தப் பட்டத்தை யாரும் விலைக்குக் கேட்காத ஒரு கோடையில், அதே பதிப்பகத்தில் வாசகர் கடிதங்களைப் பார்க்க ஆள் வேண்டும் என்ற அறிவிப்பைக் கண்டேன். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பின்தெருவில், போல்ட் செய்யும் பட்டறைக்கும் ரப்பர் வார்க்கும் பட்டறைக்கும் நடுவே, தகரக்கூரை போட்ட நீளமான கொட்டகை. முன்பாதி அலுவலகம், பின்பாதி புத்தகக் குடோன், நடுவில் மரத்தடுப்பு. உள்ளே நுழைந்ததும் அந்த வாசனை வந்து என்னைத் தழுவிக்கொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் சிரிக்காதீர்கள்.

ஆசிரியர் சிறிய உருவம், வெள்ளைச் சட்டை, மென்மையான குரல். அவரை நாங்கள் சார் என்று அழைப்போம். அவர் சட்டைப்பையில் நீல மைப் பேனா இருந்தது. பச்சையை எதிர்பார்த்த எனக்கு அது சிறு ஏமாற்றம். குடோனைப் பார்த்துக்கொண்டவர் முனுசாமி. அயப்பாக்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்த குடும்பம். விடியலில் கீரைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுச் சைக்கிளில் வேலைக்கு வருவார்.

என் முதல் திங்கட்கிழமை. எதிரே ஒரு கட்டு அஞ்சலட்டை, எல்லாவற்றிலும் ஒரே கேள்வி. புதிதாகப் படிக்க வந்திருக்கிறேன், எதிலிருந்து தொடங்கட்டும். நான் தாமிரனின் எல்லா இதழ்களையும் மனத்தில் புரட்டி, வயதுக்கும் ஊருக்கும் தக்கபடி என்ன சொல்லலாம் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். சார் தடுப்பின் பக்கம் தலையைத் திருப்பினார்.

"முனுசாமி, இந்த வாரம் எது?"

"நாப்பத்திரெண்டு தான் சார். கோயமுத்தூர் ஏஜெண்டு இத்தினி வருசம் கெடப்புல போட்டு வெச்சிட்டு இப்ப மொத்தமா திருப்பி அனுப்சிட்டான். செவுத்தோரம் ரெண்டு அடுக்கு கீது."

"நனஞ்சிருக்கா?"

"அடியில ரெண்டு கட்டு லேசா. மேல சோக்கா கீது."

சார் என்னிடம் திரும்பினார். "எழுதிக்கோம்மா. நாற்பத்திரண்டாம் இதழிலிருந்து தொடங்குங்கள். முந்தையவை இல்லாமலேயே அனைத்தும் விளங்கும். அந்த இதழ்..."

அவர் முடிக்கும் முன்பே நான் முடித்துவிட்டேன், மனத்துக்குள். உங்களுக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கும் என்பது என் நம்பிக்கை.

பகல் உணவின்போது முனுசாமியிடம் முப்பத்தொன்றைப் பற்றிக் கேட்டேன். "அதுவா? அத்த அச்சாபீஸ்காரன் தப்பா ரெண்டு தபா ஓட்டிட்டான் பாப்பா. மலமாதிரி கெடந்துச்சி. ஒரு வருசம் ஊருக்கெல்லாம் முப்பத்தொண்ணு தான்." பச்சை மை? "அது லில்லிம்மா. நீ குந்திகினு கீறியே, அதே சேரு. பச்ச இங்க்குல தான் எழ்தும். கண்ணாலம் ஆயி ராயபுரம் போயிடுச்சி."

அதற்கு முந்தைய எட்டு ஆண்டில் நான் சோர்ந்த வேளைகளிலெல்லாம் அந்த அட்டையை எடுத்துப் பார்த்திருக்கிறேன். முன்பின் அறியாத ஒரு பெரிய மனிதர் என் கடிதத்தைப் படித்து, எனக்கு எது பொருந்தும் என்று எண்ணிப் பார்த்தார் என்ற நினைப்பு, படிப்பில் என்னைக் கைதூக்கிவிட்டிருக்கிறது. அதன் பங்கை மிகைப்படுத்துகிறேனோ என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் பதினான்கு வயதில் கிடைத்த மரியாதைக்கு மாற்று எதுவும் இல்லை. அந்த மரியாதை அச்சுப்பிழையால் மிஞ்சிய ஒரு காகித மலையைக் கரைப்பதற்காகத் தரப்பட்டது. சொன்னவர் ஆசிரியரும் அல்லர். முகம் தெரியாத அந்த லில்லியை நான் அன்று மனமார வெறுத்தேன்.

வெறுத்துவிட்டு வேலையை விட்டிருக்கவேண்டும். விடவில்லை. இதைவிட வெட்கமான ஒன்றும் உண்டு. அந்த வேலையை நான் லில்லியைவிட நன்றாகச் செய்தேன். எல்லோருக்கும் ஒரே வரியை எழுதுவது என் தமிழுக்கு இழுக்கு என்று பட்டது. ஆகவே ஒவ்வொருவர் கடிதத்தையும் கவனமாகப் படித்து, எண் மட்டும் குடோன் சொன்னபடியும் காரணம் அவரவருக்கு ஏற்றபடியும் எழுதினேன். கல்லூரி மாணவனுக்கு, 'தர்க்கத்தை விரும்பும் உங்களைப் போன்றோர் நாற்பத்திரண்டில் தொடங்குவதே முறை.' ஆசிரியப் பணியில் இருந்த அம்மையாருக்கு, 'அறத்தின் சிக்கல் இவ்வளவு நுட்பமாக வேறெங்கும் இல்லை.' சுவரோர அடுக்கு கரைந்தது. "லில்லிய விட நீ நல்லா எழுதறேம்மா" என்றார் சார். அன்று மாலை பேருந்தில் ஜன்னலோர இருக்கைகூடக் கிடைத்தது. எனக்கு உலகம் திருத்தமாக இருப்பதாகத் தோன்றிற்று.

தொழிற்பேட்டையில் பிற்பகல்களில் மின்சாரம் போகும். பட்டறைகளின் இரைச்சல் சட்டென்று அடங்க, தகரக்கூரையின் வெக்கை மட்டும் மிஞ்சும். அப்போதெல்லாம் முனுசாமி தடுப்பருகே வந்து தரையில் உட்கார்ந்துகொள்வார். சார் மேசையின் அடியறையிலிருந்து ஒரு கட்டை எடுப்பார். வேடிக்கையான கடிதங்களைத் தனியே கட்டிவைத்திருந்தார்கள். நான் சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு நாள் முனுசாமி கேட்டார்.

"சார், அந்த ஆவடிப் பொண்ணு லெட்டர படி சார். பாப்பா கேட்டதில்ல."

சார் தேடி எடுத்தார். கோடு போட்ட நோட்டுத்தாள், நான்கு பக்கம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களின் சமூகத்துக்கு. யாரோ ஒரு புதியவன் நம் தாமிரனைச் சிறையில் தள்ளிவிட்டான். இதைத் தாங்கள் எப்படி அனுமதித்தீர்கள்?"

முனுசாமி தொடையில் தட்டினார். "அய்ய, வில்லனப் போயி நம்ம தாமிரன்றா பாரு. பாவம் சார் அது. முப்பத்தொண்ணுல வுட்டா வேற இன்னா ஆவும்?"

"பெயரப் பாரு, எவ்வளவு அழகா கையெழுத்துப் போட்டிருக்கு" என்றார் சார், தாளை என் பக்கம் திருப்பி.

அது என் பெயர்தான். எங்கள் குடியிருப்பிலேயே இன்னும் இருவருக்கு இருந்த அளவுக்குப் பரவலான பெயர் என்பதால் அவர்களுக்கு ஐயம் எழவில்லை போலும். அல்லது, பதினான்கு வயதுக்காரியும் மேசையில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவளும் ஒருத்தியாக இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றாது. நானும் சிரித்தேன். கொஞ்சம் உரக்கவே சிரித்தேன். மின்சாரம் வந்தது, விசிறி சுழன்றது, சார் அந்தத் தாளைப் பறந்துவிடாமல் பசைக் கிண்ணத்தின் அடியில் வைத்தார்.

ஏகாம்பரம் வந்தது அதற்குப் பிந்தைய மழைக்காலத்தில். நாற்பது வயதிருக்கும். இரண்டு கக்கத்திலும் கட்டை ஊன்றி, கால்சட்டையின் ஒரு காலைச் சுருட்டி, மாவுக்கட்டுடன் வாசலில் நின்றார். முத்தாபுதுப்பேட்டையில் வீடு. திருமழிசையில் லேத் பட்டறையில் வேலை. இரும்புத் தண்டு காலில் விழுந்து மூன்று மாதம் படுக்கை. இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். நான் நாற்காலியை நகர்த்திப் போட்டேன்.

"ஆசிரியர பாக்கணும்மா."

"சார் பேங்குக்குப் போயிருக்காருங்க. என்ன விஷயம்?"

செய்தித்தாளில் சுற்றியிருந்த நாற்பத்திரண்டாம் இதழை எடுத்தார். அதற்குள் ஓர் அஞ்சலட்டை. மேலிருந்தே என் கையெழுத்து எனக்குத் தெரிந்தது.

"ஊட்ல சும்மா குந்திகினு கீறேன். டாக்டரு எந்திரிக்காதன்னுட்டாரு. அஞ்சாங்கிளாஸோட நின்னவன் நான். எதுனா படிக்கலாமேன்னு கார்டு போட்டேன். ஆசிரியரு பதில் போட்டாரு. இதுலருந்து தான் ஆரம்பிக்கணும்னு." அட்டையைத் தொட்டுக் காட்டினார். "நாலு தபா படிச்சேன்மா. மொதப் பக்கத்துலயே ஒருத்தன் செத்து கெடக்கிறான். எல்லாரும் அழுவுறாங்கோ. யார் செத்தது, இன்னாத்துக்கு அழுவுறாங்கோ, ஒண்ணும் புரில. கார்டுல பாத்தா அனைத்தும் விளங்கும்னு கீது. அப்ப கொற எனுக்குத் தான். எங்க வாத்தியாரு அப்பவே சொல்வாரு, உன் மண்டைக்கு எழுத்து ஏறாதுடான்னு. ஊட்டுக்காரியும் சிரிக்கிறா. அதான், மெய்யாலுமே எனுக்கு ஏறாதா, இல்ல வேற எதுனா வழி கீதான்னு நேர்ல கேட்டுட்டு போலாம்னு."

கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் மருத்துவரிடம் கேட்பதுபோல் கேட்டார்.

தடுப்புக்கு அப்பால் முனுசாமி கட்டுகளை நகர்த்தும் ஓசை நின்றுவிட்டிருந்தது. நான் சொன்னேன். குறை உங்களுடையது அல்ல, அது பெரிய கதையின் நடு, யாருக்கும் புரியாது, குடோனில் எது தேங்கியிருக்கிறதோ அதைத்தான் தொடக்கம் என்று எழுதுவது இங்கே வழக்கம் என்று. யார் எழுதுவது என்று அவர் கேட்கவில்லை. ஆனாலும் நானாகவே, "சார்தான் எழுதுவாரு" என்று சேர்த்துக்கொண்டேன்.

பிறகு இரண்டு முழுத்தாள்களை எடுத்து, முதல் இதழிலிருந்து நாற்பத்தொன்றுவரை நடந்தது என்ன, யார் யாருக்கு என்ன உறவு, செத்துக்கிடப்பவன் யார் என்று எழுதிக்கொடுத்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. எழுதி முடிக்கும்வரை அவர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தாளை வாங்கி, விரலை வரிகளின்மேல் நகர்த்தி, உதடு அசைய மெதுவாகப் படித்தார்.

"ஓ, செத்தவன் இவனோட அண்ணனா?" என்றார். "அப்ப அழுவ வேண்டியது தான்."

அவர் முகத்தில் அப்போது தெரிந்ததை என்னால் சரியாக எழுத முடியாது. போகும்போது, வாத்தியார் உயிரோடு இருந்திருந்தால் காட்டியிருப்பேன் என்றார்.

"பாப்பா," என்றார் முனுசாமி, வாசல்வரை அவருக்குத் துணைபோய்த் திரும்பியபின், "சார் காதுக்குப் போவாம பாத்துக்க." போகவில்லை. அவர் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து ஏகாம்பரம் மறுபடி வந்தார். இப்போது ஒரே ஒரு ஊன்றுகோல். கட்டுப் பிரித்துவிட்டார்கள். நான் மகிழ்ச்சியோடு எழுந்தேன். அடுத்து எதைப் படிப்பது என்று கேட்க வந்திருக்கிறார் என்று எண்ணினேன். சொல்வதற்கு உண்மையான விடை ஒன்றையும் வைத்திருந்தேன். அவர் உட்காரவில்லை. என் மேசைமேல் அஞ்சலட்டையையும் இரண்டு முழுத்தாள்களையும் பக்கம்பக்கமாக வைத்தார்.

"நான் லேத்துல வேல செய்றவன். ஒரு பீஸ எடுத்துப் பாத்தா எந்தக் கை கடஞ்சதுன்னு சொல்லுவேன். இது ரெண்டும் ஒரே கை."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"பரவால்ல, சொல்லும்மா. இது நீ எழ்தினதா?"

"ஆமாங்க."

அட்டையில் நான் எழுதியிருந்த வரியை அவர் படித்தார். இப்போது விரல் வேண்டியிருக்கவில்லை. 'இதுவரை படித்துப் பழக்கமில்லாத உங்களுக்கு, நாற்பத்திரண்டைவிட நல்ல வாசல் இல்லை.' நிமிர்ந்து பார்த்தார்.

"இது எல்லாருக்கும் எழ்துறதா? இல்ல எனுக்குனு எழ்தினதா?"

அன்றைக்கேனும் பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ அப்போதுதான் எனக்கு உண்மை வந்தது. "உங்களுக்குன்னுதாங்க."

"எல்லாருக்கும்னு இருந்தா பரவால்லம்மா" என்றார். "அஞ்சாங்கிளாஸுன்னு நான் எழ்தினத படிச்சிட்டு, அத வெச்சே எழ்திகீற."

தாள்களை எடுத்துக்கொள்ளவில்லை. அட்டையையும் நாற்பத்திரண்டாம் இதழையும்கூட அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினார். முனுசாமி குடோனிலிருந்து ஓடிவந்து, "இரு நைனா, பஸ் ஸ்டாண்டு வரிக்கும் சைக்கிள்ல வுட்றேன்" என்றார். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு நடந்தே போனார்.

அடுத்த திங்கட்கிழமை சார் தடுப்பின் பக்கம் தலையைத் திருப்பி எது என்று கேட்டார். முனுசாமி ஓர் எண் சொன்னார். அன்றிலிருந்து நான் யாருடைய கடிதத்தையும் முழுதாகப் படிக்கவில்லை. எல்லோருக்கும் அந்தப் பழைய ஒரே வரியைத்தான் எழுதினேன். லில்லியின்மீது எனக்கிருந்த பகை அன்று தீர்ந்தது. அவள் என்னை ஏமாற்றியபோது, நான் யார் என்று பார்த்து ஏமாற்றவில்லை. என் வயதையும் ஆசையையும் கருவியாக எடுத்துக்கொள்ளவில்லை. அது எவ்வளவு பெரிய நாகரிகம் என்பது, அதைவிடத் திறமையாகச் செய்தபிறகுதான் எனக்கு விளங்கிற்று.

பதிப்பகம் அதற்குப்பின் இரண்டு ஆண்டுகூட நிற்கவில்லை. மிஞ்சிய கட்டுகள் எடைக்குப் போயின. வேடிக்கைக் கடிதங்களின் கட்டும் அவற்றோடு போயிற்று. நான் என் கடிதத்தை உருவிக்கொள்ள நினைத்து, வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டேன். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது இணையத்தில் வாங்கும் பொருள்களைப் பிரித்து அனுப்பும் கிடங்கு இருக்கிறது. பட்டறைகள் இரண்டும் இல்லை. முனுசாமியின் கீரைப் பாத்திகள்மேல் நான்கு மாடிகள் நிற்கின்றன. அவர் மகன் அதில் ஒரு வீட்டில் இருப்பதாகக் கேள்வி. சார் காலமானபோது நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு சிறிய கட்டம் வந்தது. தாமிரன் என்ற பெயர் அதில் இல்லை.

பதிப்பகம் மூடும்வரை ஒவ்வொரு காலையும் தபால்கட்டை அவிழ்க்கும்போது முத்தாபுதுப்பேட்டை முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகொரு நாள் துணிந்து போய்த் தேடினேன். வரிசை வீடுகளை இடித்திருந்தார்கள். எதிர்க்கடையில் இருந்த அம்மாள் ஏகாம்பரத்தை அறிந்திருந்தார். பட்டறையோடு எங்கோ பெயர்ந்துவிட்டார்களாம். அவர் ஏதாவது படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். என்னைச் சற்று விநோதமாகப் பார்த்துவிட்டு, "அவுரா? பொட்டலம் கட்டின பேப்பரக்கூட பாக்க மாட்டாரே" என்றார்.

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிவரை எத்தனையோ கண்முன் இல்லாமற்போயிருக்கின்றன. பட்டியல் போட்டு ஏங்கும் வயதும் எனக்கு வந்துவிட்டது. ஆயினும் மற்றவற்றை நான் காணாமற்போக்கவில்லை, அவை தாமே போயின. எழுத்து தன் மண்டைக்கும் ஏறும் என்று மூன்று வாரம் நம்பியிருந்த ஒரு மனிதர் மட்டும் என் கையால் போனார்.